சேலத்து வெயிலில் ஒரு டாங்கி, ஏற்காட்டு மூடுபனியில் ஒரு டாங்கி: எந்தப் பெயிண்ட் வாங்குவது?

அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு கல்லூரிப் பையன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்த மாடல், நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கான 1/35 அளவில் ஒரு செஞ்சூரியன் டாங்கி. ஒட்டு வேலை அவ்வளவு சுத்தம். சக்கரங்கள் வரிசை தப்பவில்லை, பீரங்கிக் குழலில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியாதபடி தேய்த்திருந்தான். "அண்ணா, ஒட்டறதுக்குப் பத்து நாள்தான் ஆச்சு. என்ன பெயிண்ட் வாங்கறதுன்னு தெரியாம ரெண்டு மாசமா அலமாரில நிக்குது" என்று கீழே எழுதியிருந்தான்.

அதே வாரம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் போனில் கேட்டார். "கடைசியா மினுக்கில்லாத மேட் வார்னிஷை ஸ்ப்ரே கேன்ல அடிச்சேன் சார். விடிஞ்சு பாத்தா டாங்கி முழுக்கப் பாலாடை படிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்குதுங்க. பெயிண்டை மாத்தணுமா, வார்னிஷை மாத்தணுமா?"

இருவருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவும்தான். ஆனால் சேலம் முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் நிற்கிறது. ஒரே குப்பிப் பெயிண்ட் இந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி காயாது. குப்பியின் மேல் அச்சடித்திருக்கும் குறிப்புகள் குளிர்நாட்டு அறையை நினைத்து எழுதியவை. அதனால் இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதைக் காரணத்தோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலானவர்கள் "எந்த பிராண்ட் நல்லது" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் அறையின் காற்று. சித்திரை வெயிலில் சேலத்து மாடி அறை நாற்பது டிகிரியைத் தொடும்போது தூரிகை முனையிலேயே பெயிண்ட் காய்ந்துவிடும். ஏற்காட்டில் ஐப்பசியில் துவைத்த துணியே மூன்று நாளாகியும் காய்வதில்லை, அங்கே பெயிண்ட் எப்படிக் காயும்?

பெயிண்டுக்கு மேல் என்ன போடப்போகிறீர்கள். இதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். டாங்கிக்குப் பச்சை அடித்ததும் வேலை முடிவதில்லை. அதன் மேல் வாஷ் (மிகவும் நீர்த்த நிறக்கரைசல்) ஓட்ட வேண்டும், கறை இழுக்க வேண்டும், புழுதி ஏற்ற வேண்டும். மேலே போடுவதன் கரைப்பான் கீழே இருப்பதைக் கரைத்தால் அத்தனையும் சேறாகிவிடும். நன்றாகக் காய்ந்த வாட்டர் அக்ரிலிக்கை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது. அதனால் அக்ரிலிக் அடிப்பூச்சின் மேல் ஆயில் வாஷ் ஓட்டிவிட்டு, பிடிக்கவில்லையென்றால் துடைத்தெடுத்து மறுபடி ஓட்டலாம். அடிப்பூச்சே எனாமலாக (டர்பன்டைனில் கரையும் எண்ணெய்ப் பெயிண்டாக) இருந்தால் அதே டர்பன்டைன் அதையும் சேர்த்துக் கிளப்பும். இது ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நிஜ டாங்கிக்கு எப்படிப் பெயிண்ட் அடித்தார்கள். ஜெர்மானிய டாங்கிகள் 1943 பிப்ரவரிக்குப் பிறகு அடர்மஞ்சள் அடிப்பூச்சோடு வெளிவந்தன. அதன் மேல் சிவப்புக் கலந்த பழுப்பையும் பச்சையையும் போர்முனையிலேயே ஸ்ப்ரே அடித்துக்கொண்டார்கள். அதனால் பல டாங்கிகளில் நிறங்களின் ஓரம் பஞ்சு மாதிரி கலங்கியிருக்கும். சோவியத் டாங்கிகள் பெரும்பாலும் ஒரே பச்சை. குளிர்காலத்தில் பூசிய வெள்ளையைக் கையில் கிடைத்த பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். நம் ராணுவத்து செஞ்சூரியனும் ஷெர்மனும் ஒரே ஆலிவ் பச்சை. ஒற்றை நிற டாங்கிக்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) கட்டாயமில்லை.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். ஒரே ஹாலில் கைக்குழந்தையும் ஆஸ்துமா உள்ள அப்பாவும் இருந்தால் கடுமையான ஆவி விடும் லாக்கர் பெயிண்டை மறந்துவிடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

## முதல் வழி: ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்

ஃபெவிக்ரில், கேமல் போன்றவை. எந்தத் தெருவிலும் கிடைக்கும், விலை குறைவு, வாசனை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் ஆரம்பிப்பார்கள், அதில் தவறே இல்லை.

குறை இதுதான்: துணிக்கும் கேன்வாஸுக்கும் செய்த பெயிண்ட் இது. குப்பியிலிருந்து எடுத்தால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி நிற்கும், தண்ணீர் விட்டால் திடீரென்று நீர்த்து நிறம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் சரியான பதத்தைப் பிடிப்பது சிரமம். காய்ந்த பிறகு ரப்பர் மாதிரி இழுவை இருக்கும், உப்புத்தாள் போட்டால் தேயாமல் உரிந்து வரும். ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் மூடி) கைப்பிடி, போல்ட் தலை போன்ற நுணுக்கங்கள் இந்தக் கனத்தில் மூழ்கிப்போகும்.

மறைவான செலவு பணத்தில் இல்லை, கோட்டில். மற்ற பெயிண்டில் இரண்டு கோட் போதும் என்ற இடத்தில் இதற்கு நான்கு ஐந்து கேட்கும்.

எப்போது இதுவே நல்லது? டாங்கிக்குக் கீழே வைக்கும் தரைக்கு. மண், செங்கல் சுவர், மரத்தூர், வரப்பு எல்லாவற்றுக்கும் நான் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். வரப்புக்கு வலேஹோவை வீணாக்குவதில் பொருளில்லை.

## இரண்டாம் வழி: மாடல்களுக்கென்றே வரும் வாட்டர் அக்ரிலிக், பிரஷ்ஷால்

ஸ்பெயின் நாட்டு வலேஹோ, ஏகே, அம்மோ வகைகள். சொட்டு மூக்கு வைத்த குப்பி, மிக நைசாக அரைத்த நிறமி, காய்ந்தால் நல்ல மேட். தண்ணீரிலேயே கரைத்து, தண்ணீரிலேயே பிரஷ் கழுவலாம்.

சேலத்துக் கோடையில் இதன் எதிரி வெப்பம். தட்டில் விட்ட சொட்டு ஐந்து நிமிடத்தில் தோல் கட்டும். அந்தத் தோலின் துணுக்கு பிரஷ்ஷில் ஏறி டாங்கியின் மேல் பரு மாதிரி உட்காரும். இதற்கு ஈரத்தட்டு வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சை நனைத்து விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பரைப் படிய வையுங்கள். பெயிண்டை அந்தத் தாளின் மேல் விடுங்கள். மூடி வைத்தால் மறுநாள் வரை ஈரம் நிற்கும். கூடவே காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சு சொட்டுப் பெயிண்டுக்கு ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், கூடினால் காயவே மறுக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை எட்டரைக்குள் வேலையை முடிப்பது இதையெல்லாம் விட நல்லது.

பதம் பற்றி ஒரு வார்த்தை. தட்டைச் சாய்த்தால் பெயிண்ட் காய்ச்சாத பால் மாதிரி ஓட வேண்டும். முதல் கோட் அடித்ததும் திட்டுத் திட்டாக, பார்க்கவே மனசு சோர்ந்துபோகும்படி இருக்கும். அங்கேயே நிறைய பேர் பயந்து கனமாக இரண்டாவது கோட் போட்டுவிடுகிறார்கள். கை வைக்காமல் அரை மணி விடுங்கள். இரண்டாவதில் பாதி மறையும், மூன்றாவதில் முழுக்க மறையும். மூன்றும் சேர்ந்தும் ஒரு கனமான கோட்டை விட மெல்லியதாக இருக்கும்.

மறைவான செலவு: நல்ல பிரஷ், நல்ல பிரைமர் (நிறம் பிடிக்க அதற்கு முன் அடிக்கும் பூச்சு). பிளாஸ்டிக்கின் மேல் வாட்டர் அக்ரிலிக் நேரடியாகப் பிடிக்காது, மாஸ்கிங் டேப்போடு உரிந்துவரும். கிட்டை, அதாவது மாடலின் பிளாஸ்டிக் பாகங்களை, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்த பிறகே நிறம். சிந்தெடிக் பிரஷ் மலிவு, ஆனால் நாலைந்து வாரத்தில் முனை கொக்கியாக வளையும். பெரிய பரப்புக்குத் தட்டையான சிந்தெடிக், முகத்துக்கும் பட்டனுக்கும் ஒரே ஒரு சேபிள் முடி பிரஷ் என்று பிரித்துக்கொண்டால் பணம் வீணாகாது.

ஒற்றை நிற டாங்கிக்கும், எல்லா வகைச் சிப்பாய் உருவங்களுக்கும், வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

## மூன்றாம் வழி: எனாமல்

இன்று இதை யாரும் பரிந்துரைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பிரஷ்ஷால் பூசுவதற்கு இதைப் போலச் சமமாக விழும் பெயிண்ட் வேறில்லை. மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தாமாகவே நிரவிக்கொள்ளும். சேலத்து வெயிலில் மற்ற பெயிண்ட் முனையில் காய்ந்துபோகும்போது எனாமல் நிதானமாக இழுபடும். ஹம்பிராலின் சின்ன டின்னில் ஆரம்பித்த தலைமுறைக்கு இது தெரியும்.

ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒரு நாள் போகும். ஏற்காட்டு மழைக்காலத்தில் இரண்டு நாள் கூட ஆகும். அந்த ஈரப் பெயிண்டில் வீட்டுத் தூசி எல்லாம் வந்து ஒட்டும். ஒரு எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து மூடிவைப்பது நல்ல பழக்கம். வெதரிங் (கறை, புழுதி, தேய்மானம் ஏற்றும் வேலை) செய்யும் முன் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட் அடித்து எனாமலைப் பூட்டியே ஆக வேண்டும். அந்த வார்னிஷும் டர்பன்டைனும் பிரஷ் நட்டமும் சேர்ந்ததுதான் இதன் மறைவான செலவு.

ஹார்டுவேர் கடையில் கதவுக்கும் கிரில்லுக்கும் விற்கும் எனாமல் வேறு சாமான். கண்ணாடி மாதிரி மின்னும், கனம். மாடலுக்கு ஆகாது.

இன்னொன்று, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய்ப் பொதுவாக "தின்னர்" என்று கேட்டால் என்.சி. தின்னர் எடுத்துத் தரக்கூடும். அது கிட் பிளாஸ்டிக்கையே உருக்கும். எனக்கு ஒரு ஷெர்மனின் இன்ஜின் மூடி அப்படித்தான் போயிற்று. ஒரு முறை துடைத்ததும் கிரில் வரிகள் வெண்ணெய் மாதிரி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "மினரல் டர்பன்டைன்" என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டு, டப்பாவில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

## நான்காம் வழி: ஏர்பிரஷ், அதோடு டமியா அக்ரிலிக் அல்லது லாக்கர்

பார்க்க மிக அழகான பூச்சு இதில்தான் வரும். மறுக்க மாட்டேன். 0.3 மில்லிமீட்டர் நாசில், பதினைந்து இருபது பி.எஸ்.ஐ. அழுத்தம், கையில் பழக்கம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒரு டாங்கிக்கு அரை மணியில் அடிப்பூச்சு முடியும். டமியா அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசினால் இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கிளப்பிவிடும். அதே பெயிண்டை அதன் தின்னரில் கரைத்து ஏர்பிரஷ்ஷில் விட்டால் பட்டு மாதிரி விழும். மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் இன்னும் மெல்லிசு, இன்னும் உறுதி.

இங்கேதான் மறைவான செலவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஏர்பிரஷ் வாங்கினால் கம்ப்ரசர் வேண்டும். காற்று விட்டு விட்டு வராமலிருக்கக் காற்றுத் தொட்டி வைத்த கம்ப்ரசராக இருக்க வேண்டும். குழாயில் ஈரம் பிடிக்கும் டிராப் வேண்டும். லாக்கர் என்றால் கரி கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும், துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆவியை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும். பத்து நிமிடம் அடிக்க இருபது நிமிடம் கழுவும் நாட்கள் உண்டு. லாக்கரும் தின்னரும் எரியும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரை வழியாக வந்து சேரக் காத்திருக்க வேண்டும்.

ஊர் வேறுபாடு இதில்தான் அதிகம் தெரியும். சேலத்தில் மதிய வெயிலில் அடித்தால் பெயிண்ட் நாசிலுக்கும் டாங்கிக்கும் நடுவிலேயே காய்ந்து, பொடியாகப் போய் ஒட்டும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஏற்காட்டில் வேறு தொல்லை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது, அந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கிறது. டீச்சரின் டாங்கிக்கு நடந்தது இதுதான். ஸ்ப்ரே கேனுக்கும் இதே கதி.

மங்கிய ஓரமுள்ள ஜெர்மானிய நிறக்கலவை பிடித்தவர்கள், வருடத்துக்கு நாலைந்து டாங்கி முடிக்கிறவர்கள், தனி அறை உள்ளவர்கள் இதற்குப் போகலாம். முதல் டாங்கிக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏர்பிரஷ் வாங்கி, அடைத்துக்கொண்டதும் பெட்டியிலேயே போட்டு, கிட்டையும் சேர்த்து மூட்டை கட்டிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர்.

| | ஸ்டேஷனரி அக்ரிலிக் | மாடல் வாட்டர் அக்ரிலிக் | எனாமல் | ஏர்பிரஷ் + லாக்கர் வகை |
|---|---|---|---|---|
| சேலம் கோடை | சீக்கிரம் தோல் கட்டும் | ஈரத்தட்டு இருந்தால் நல்லது | மிக நல்லது | அதிகாலை மட்டும் |
| ஏற்காடு மழைக்காலம் | பரவாயில்லை | நல்லது | மிக மெதுவு | வெள்ளை பூக்கும் |
| வாசனை | இல்லை | இல்லை | உண்டு, ஒரு நாள் நிற்கும் | கடுமை, மாஸ்க் கட்டாயம் |
| மேலே ஆயில் வாஷ் | தாங்கும் | தாங்கும் | வார்னிஷ் போட்டுப் பூட்டினால் | தாங்கும், நன்றாகக் காய்ந்த பிறகு |
| உருவங்களின் முகம் | கனம் | மிக நல்லது | பழகினால் நல்லது | அடிப்பூச்சுக்கு மட்டும் |
| மறைவான செலவு | கூடுதல் கோட், நேரம் | பிரைமர், சேபிள் பிரஷ் | வார்னிஷ், டர்பன்டைன் | கம்ப்ரசர், மாஸ்க், கழுவும் நேரம் |

## வெதரிங்: குப்பியில் வருவதா, கையால் கலப்பதா

பெயிண்ட் விஷயத்தில் காசு செலவு செய்யச் சொன்ன நான் இங்கே செலவைக் குறைக்கச் சொல்கிறேன். "எஞ்சின் கிரீஸ்", "மழைக்கறை", "வட ஆப்பிரிக்கப் புழுதி" என்று பெயரிட்ட குப்பிகள் நேரத்தை மிச்சப்படுத்தும், சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் பலவும் நிறம் கலந்த எனாமல்தான். அதே வேலையை ஓவியர்களின் ஆயில் கலர் ட்யூப் செய்துவிடும், சேலத்தில் ஓவியப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், வெள்ளை, கறுப்பு. ஆறு ட்யூப் வாங்கினால் பல வருடம் வரும்.

செய்முறை ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு அட்டைத் துண்டில் பட்டாணி அளவு பர்ன்ட் அம்பரைப் பிதுக்கி அரை மணி வையுங்கள். அட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டு சுற்றிலும் மினுக்கான வட்டம் படரும். எண்ணெய் குறைந்தால் ஆயில் கலர் மினுங்காமல் மேட்டாகக் காயும். அதிலிருந்து துளி எடுத்து டர்பன்டைனில் கலக்குங்கள். ஃபில்டர் காபி டிகாஷனின் கனம் போதும். மெல்லிய பிரஷ்ஷின் முனையால் ஒரு போல்ட்டின் அடியில் தொடுங்கள். திரவம் தானே ஓடி விளிம்பைச் சுற்றி வளையமாக நிற்கும். பக்கத்தில் கசிந்ததைப் பத்து நிமிடம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் அதுவே மழைக்கறை ஆகிவிடும். மழை செங்குத்தாகத்தான் இறங்கும், அதனால் பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

இதற்கு முன் அடிப்பூச்சின் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் இருந்தால் வாஷ் வழுக்கி ஓடும். மேட் பரப்பில் ஓட்டினால் உறிஞ்சிக்கொண்டு வட்டக்கறை போடும்.

பெயிண்ட் உரிந்த இடங்களைக் காட்ட ஹேர்ஸ்பிரே முறை இருக்கிறது. துரு நிறம், அதன் மேல் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் டாங்கியின் நிறம். காய்ந்ததும் தண்ணீர் தடவிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் மேல்நிறம் பொரிந்து வரும். மேல்நிறம் அக்ரிலிக்காக இருந்தால்தான் இது நடக்கும். எனாமலுக்குள் தண்ணீர் இறங்காது. பிய்த்தெடுத்த ஸ்பாஞ்சுத் துணுக்கால் துரு நிறத்தை ஒற்றுவது இதைவிட எளிது. எதைச் செய்தாலும் ஆரஞ்சு நிறத் துருவை டாங்கி முழுக்க வாரி இறைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியில் துரு அதிகம் தெரிவது புகைக்குழாயிலும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியிலும்தான். கால் படும் இடமும் கை படும் இடமும் மின்னும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் இடுக்கியைப் பாருங்கள். பிடி முழுக்கக் கறுத்திருக்கும், விரல் அழுந்தும் இரண்டு இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். ஹேட்ச் விளிம்பில் 6பி பென்சிலைத் தேய்த்தால் அதே மினுக்கு வரும்.

### நம் ஊர் மண்ணைப் போடலாமா

பலர் கேட்கும் கேள்வி இது. ஏற்காட்டு மலைப்பாதையோரச் செம்மண், கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் வெள்ளைக்கல் பொடி, வாய்க்கால் கரையின் கறுப்பு வண்டல் என்று காசில்லாமல் மூன்று நிறம் கிடைக்கிற ஊர் நம்முடையது. நானும் டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் 1/35 அளவில் மூன்றரை மில்லிமீட்டர் கல்லுக்குச் சமம். அதாவது நாம் புழுதி என்று தூவுவது டாங்கியின் மேல் சரளையாகத் தெரியும். அதனால் வாணலியில் வறுத்து, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்த மண்ணைத் தரைக்கும், சக்கரத்தில் அப்பிய சேற்றுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். மேல் பரப்பின் புழுதிக்குக் கடையில் விற்கும் பிக்மென்ட் (மிக நைசான நிறப்பொடி) வேண்டும். இல்லையென்றால் சாக் பேஸ்டலை பிளேடால் சுரண்டி எடுத்த பொடி போதும், எண்ணெய் பேஸ்டல் ஆகாது.

அடுத்தது நிறம். அந்தப் பையனின் செஞ்சூரியன் 1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போரில் நடந்த அசல் உத்தர் சண்டைக்கானது. அது பஞ்சாப், கேம் கரண் பகுதி. அந்த மண் வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு. நம் செம்மண்ணைப் பூசினால் டாங்கி ஏற்காட்டு அடிவாரத்தில் சண்டை போட்டது போல ஆகிவிடும். மேலும் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் புதைய வேண்டும் என்றே வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கரும்புக்கு நடுவே நின்ற சண்டை அது. அதனால் அங்கே ஈரச் சேறும் காய்ந்த சேறும் கலந்தே இருக்க வேண்டும். ஈரச் சேறு கறுத்து மினுங்கும், காய்ந்தது வெளிறி மேட்டாக இருக்கும். ஒரே கலவையைக் காய்ந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு, ஈரமான இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தொட்டால் போதும். செம்மண் டப்பா வீணில்லை, வியட்நாமில் ஓடிய எம்48 டாங்கி செய்யும்போது அதுதான் வேண்டும். அங்கே மண் நம்முடையது மாதிரியே சிவப்பு.

சேறு எங்கே அப்பும், எங்கே தெறிக்கும் என்று சந்தேகம் வந்தால் மழை விட்ட மறுநாள் சங்ககிரிப் பக்கம் நிற்கும் லாரிகளைச் சுற்றிப் பாருங்கள். மட்கார்டின் உள்பக்கம் கனமாக, கதவில் விசிறி மாதிரி, டீசல் மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு வழிசல். படப்புத்தகம் எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

## உருவங்கள்: அக்ரிலிக்கா, ஆயிலா

1/35 அளவில் ஆளின் உயரம் ஐந்து சென்டிமீட்டர், தலை ஆறரை மில்லிமீட்டர். கண் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. அதனால் கண்வெள்ளை வரைய முயலாதீர்கள், முறைத்துப் பார்க்கும் பொம்மை ஆகிவிடும். இமைக்கோடாக ஒரு கரும்பழுப்புக் கீற்று போதும்.

உடைக்கு அக்ரிலிக்தான். மடிப்பின் பள்ளத்தில் கருமை, மேட்டில் வெளுப்பு என்று மெல்லிய அடுக்குகளாக ஏற்றலாம், ஒவ்வொரு அடுக்கும் கால் மணியில் காயும். முகத்துக்கு நான் அக்ரிலிக் அடிப்பூச்சின் மேல் ஆயிலைத்தான் விரும்புகிறேன். ஆயில் மணிக்கணக்கில் ஈரமாக இருப்பதால் கன்னத்து வெளிச்சத்தையும் தாடையோர நிழலையும் உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஒன்றுக்குள் ஒன்று கரைக்கலாம். அக்ரிலிக்கில் அந்த நேரம் கிடையாது, சேலத்தில் சுத்தமாகக் கிடையாது.

"ஃபிளெஷ்" என்று எழுதிய குப்பி பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலுக்கானது. நம் சிப்பாய்களுக்கு அதைக் கறுப்பாக்கிப் பூசினால் செத்த நிறம் வரும். பர்ன்ட் சியன்னாவோடு எல்லோ ஓக்கர், கொஞ்சமாக வெள்ளை என்று ஆரம்பியுங்கள். நிழலுக்குப் பர்ன்ட் அம்பரில் துளி சிவப்பு. வெளிச்சத்துக்கு வெள்ளையை மட்டும் கூட்டினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும், ஓக்கரைச் சேர்த்தே கூட்ட வேண்டும். மூக்கு நுனி, கன்னத்து எலும்பு, கீழுதடு ஆகிய மூன்று இடத்தில் மட்டும் வெளிச்சம் வையுங்கள். லென்ஸுக்கு அடியில் அந்தக் கடைசிப் புள்ளி விழும்போது வெறும் பிளாஸ்டிக் துண்டு ஒரு ஆளாகி உங்களைப் பார்க்கும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான கணம் இல்லை.

அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் அவை சீக்கிரம் காயும், வெள்ளை தாமதிக்கும். சேலத்தில் மெல்லிய ஆயில் முகம் இரண்டு நாளில் தொடும் பதத்துக்கு வரும். ஏற்காட்டில் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

## இருவருக்கும் சொன்னது

பையனுக்கு: இரண்டாம் வழி. பிரைமர், ஆலிவ் பச்சை, அதைவிட வெளிறிய ஒரு பச்சை, கறுப்பு, வெள்ளை, மேட் மற்றும் பளபளப்பு வார்னிஷ், ஒரு சேபிள் பிரஷ். வெதரிங்குக்கு ஆயில் ட்யூப் மூன்று போதும். ஏர்பிரஷ் ஆசை மூன்றாவது டாங்கிக்குப் பிறகும் இருந்தால் அப்போது பேசலாம் என்றேன்.

டீச்சருக்கு: பெயிண்டை மாற்ற வேண்டாம், ஸ்ப்ரே கேனை மாற்றினால் போதும். மூடுபனி இறங்கும் மாதங்களில் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசுகிற வாட்டர் வகையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேன்தான் வேண்டுமென்றால் வெயில் உடைத்துக்கொண்டு வரும் முற்பகலில், கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி, மெல்லிய இரண்டு கோட். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மேஜையில் வைத்தால் சந்தேகமே வேண்டாம், எழுபத்தைந்தைத் தாண்டினால் நான் கேனைத் தொடுவதில்லை. வெள்ளை பூத்த டாங்கியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்றும் சொன்னேன். அதன் மேல் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லப் பூசினால் பெரும்பாலும் வெள்ளை மறைந்து நிறம் திரும்பும். முதலில் அடிப்பாகத்தில் ஒரு இடத்தில் பூசிப் பார்க்கட்டும். திரும்பிவிட்டது, சங்கிலிக்கு மேலே ஓரிடம் தவிர என்று மறுநாள் சொன்னார். அந்த இடத்தைச் சேறு பூசி மறைத்துக்கொள்ளலாம்.

பையன் நேற்று அடிப்பாகத்தில் இரண்டாவது கோட் முடித்துப் படம் அனுப்பியிருக்கிறான். இன்னும் திட்டாகத்தான் இருக்கிறது. கை வைக்காமல் ராத்திரி முழுக்க விடு, காலையில் மூன்றாவது அடி என்று சொல்லியிருக்கிறேன்.